ஆறு மாத அஜைல் கோச்சிங் வாங்கினோம்: எதற்குக் காசு கொடுத்தோம், எது கிடைத்தது

எங்கள் கம்பெனி சின்னது. கோயம்புத்தூரில் 23 பேர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், அவற்றை நம்பியிருக்கும் சாயப்பட்டறை, எம்ப்ராய்டரி, ஜாப் வொர்க் யூனிட்டுகளுக்கும் பில்லிங், கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் அஜைல் கோச்சிங் வாங்கினோம். அஜைல் என்றால் மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி, அடிக்கடி காட்டித் திருத்திக்கொண்டே போகிற முறை; அதைப் பழக்கிவிட ஆள் வருவதுதான் கோச்சிங். பெயர் போடவில்லை. ஒன்று, பாதித் தப்பு எங்களுடையது. இன்னொன்று, இந்தச் சேவையை விற்கிறவர்களில் நான் பேசிப் பார்த்த நாலைந்து பேரும் ஏறக்குறைய இதே பொட்டலத்தைத்தான் வேறு வேறு தாளில் மடித்துக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று தருவேன். முதல் பாதிக்கு ஒன்றரை, இரண்டாம் பாதிக்கு நாலரை, கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பே எங்களில் இரண்டு பேர் ஸ்க்ரம் என்ற அஜைல் முறைக்கான இரண்டு நாள் வகுப்புக்குப் போய் சான்றிதழோடு திரும்பி வந்து, திங்கட்கிழமையே ஸ்டாண்டப், அதாவது தினமும் நின்றபடி நடத்தும் சின்னக் கூட்டம், ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் "நமக்கு ஏற்ற மாதிரி" மாற்ற ஆரம்பித்தோம். வேலை எப்படி நடந்தது என்று டீமே கூடிப் பேசும் ரெட்ரோவில் யாரும் வாயைத் திறப்பதில்லை, அதனால் அதை எடுத்துவிட்டோம். முடித்த வேலையைக் காட்டும் ரிவ்யூவுக்கு திருப்பூர் கஸ்டமர் யாரும் வரப்போவதில்லை, அதையும் எடுத்துவிட்டோம். ஸ்டாண்டப் எம்.டி.க்குப் பிடித்திருந்தது, அது இருந்தது. இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது வேலைச் சுற்று, என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு கிடைக்கிறதே, அதுவும் இருந்தது. ஆக, எது சங்கடமோ அதை வெட்டிவிட்டு, மேலே இருப்பவருக்கு எது வசதியோ அதை வைத்துக்கொண்டோம், அதற்குக் கஸ்டமைசேஷன் என்று பெயரும் வைத்தோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஸ்டாண்டப் எப்படி இருக்கும் தெரியுமா. காலை 9.30, எல்லோரும் அரை வட்டமாக நிற்போம், எம்.டி. நடுவில். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதும் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தே ஒப்பிப்பார்கள். தடை என்ற மூன்றாவது கேள்விக்கு எல்லோருடைய பதிலும் "இல்லைங்க சார்". புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நாலு நாள் தொடர்ந்து "அதே வேலைதான், போய்க்கிட்டிருக்குங்க சார்" என்றாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது, அவளுக்கு டெஸ்ட் சர்வருக்கான பாஸ்வேர்டையே யாரும் கொடுக்கவில்லை. பத்து பேர் தினமும் வட்டமாக நின்று பேசியும், ஒரு பாஸ்வேர்டு இல்லை என்பது வெளியே வரவில்லை.

சரி, தெரிந்தவர்களைக் கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தோம். பேசி முடிக்க வந்தவர் இருபது வருட அனுபவக்காரர், நம் பிரச்சினையை நாம் சொல்வதற்கு முன்பே சொன்னார், எம்.டி. அசந்துவிட்டார். ஒப்பந்தம் போட்ட பிறகு வந்தவர் வேறு ஒருவர். இதை முதல் குறையாக எழுதிக்கொள்ளுங்கள்: யார் வருவார் என்பதைப் பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் அதிர்ஷ்டம், வந்த மேடம் கடைசியில் பேச வந்தவரைவிட நல்லவராக அமைந்தார். ஆனால் அது தெரிய இரண்டரை மாதம் ஆயிற்று.

முதல் மாதம் முழுக்க மதிப்பீடு. எல்லோரிடமும் ஒரு படிவம், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், முடிவில் சிலந்தி வலை மாதிரி ஒரு படம் போட்ட தடிமனான அறிக்கை. நாம் எதில் பலவீனம் என்று அதில் இருந்தது, ஏன் என்று இல்லை. எங்கள் டெவலப்பர் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜாதகம் பார்த்த மாதிரி இருக்கு, பரிகாரம் மட்டும் எழுதலை" என்றான்.

இரண்டாம் மாதம் ஸ்லைடுகள். அதில் ஸ்க்வாட் (டீம்), ட்ரைப் (பல டீம்கள் சேர்ந்தது), சாப்டர், கில்டு (டீம் தாண்டிய குழுக்கள்) எல்லாம் வந்தன. பாட்டுக் கேட்கும் ஆப் நடத்துகிற ஸ்பாட்டிஃபை நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்று 2012-இல் ஹென்ரிக் க்னிபெர்க், ஆண்டர்ஸ் இவார்சன் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து வந்த சொற்கள் அவை. நான் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். அப்போது அவர்களிடம் மூன்று நகரங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட டீம்கள் இருந்திருக்கின்றன. அதிலேயே, இது இப்போதைய நிலையின் ஒரு படம் மட்டும்தான், நாங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை மட்டும் எப்படியோ ஸ்லைடில் ஏறவில்லை. எங்களிடம் மொத்தம் மூன்று டீம், அதில் சப்போர்ட்டில் நாலு பேர். அந்த நாலு பேருக்கு ஒரு ட்ரைப் பெயர் வைக்கச் சொன்னார்கள். சப்போர்ட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், வயது ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அவர் அண்ணாதான். "ட்ரைப்னா என்னங்க தம்பி, மலைவாசிங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஃபோன் அடிக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

இன்னொரு விஷயம், அந்த இரண்டு மாதமும் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. டெவலப்பர்கள் சமாளித்தார்கள். சப்போர்ட்டும் டெஸ்டிங்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மேடமும் தமிழ்தான், சென்னைக்காரர், ஆனாலும் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்ததால் பேச்சும் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஸ்டோரி பாயிண்ட் கூத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண் அது. ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு, 1, 2, 3, 5, 8, 13 என்று. ஒரு வேலையைச் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டுகள் வேறுபட்டால் ஏன் என்று பேச வேண்டும், அந்தப் பேச்சுதான் அதன் பயன். நடந்தது என்ன? எம்.டி. ஒரு நாள் உள்ளே வந்து, "மூணு பாயிண்ட்னா எத்தனை நாள்?" என்றார். யாரோ மூணு நாள் என்று சொல்லித் தொலைத்தார்கள். அடுத்த மாதம் "போன தடவை முப்பத்தெட்டு முடிச்சீங்க, இந்தத் தடவை நாப்பத்தஞ்சு ஆக்கிடலாமே" என்றார். ஆக்கினோம். முன்பு மூன்று போட்ட வேலைக்கு ஐந்து போட்டோம், அவ்வளவுதான். எண்ணிக்கை ஏறியது, ரிலீஸ் அதே வேகத்தில்தான் போனது. ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் ரான் ஜெஃப்ரீஸே, நான்தான் கண்டுபிடித்திருந்தால் அதற்காக வருந்துகிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் மாதம் 11ஆம் தேதி வந்தது. ஜிஎஸ்டி தெரியாதவர்களுக்கு: மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் போன மாத விற்பனை விவரத்தை, அதாவது ஜிஎஸ்டிஆர்-1ஐ, 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்கக் கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டும். எங்கள் கஸ்டமர்களில் பெரும்பாலானவர்கள் பத்தாம் தேதி வரை சும்மா இருந்துவிட்டு, பதினொன்றாம் தேதி காலையில்தான் கணினியைத் திறப்பார்கள். அன்றைக்கு எங்கள் ஆபீஸில் ஆறு ஃபோனும் ஓயாது. டெவலப்பர்களும் சப்போர்ட்டில் உட்காருவார்கள். அந்த நாளில் போய் மேடம் ஒரு முழுநாள் பயிலரங்கம் வைத்திருந்தார். இரவு சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பி, காலையில் வந்து இறங்கி, பத்து மணிக்குக் கான்ஃபரன்ஸ் ரூமில் புரொஜெக்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரும் வரவில்லை. பத்தரைக்கு நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்படி என்ன நடக்குது அங்கே, நானும் வந்து பாக்கறேன்" என்றார்.

வந்து அண்ணா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் கிழித்துப் போட்டிருந்த தாள்களை எடுத்து, பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு கோடு, என்ன பிரச்சினை என்று இரண்டு வார்த்தை. சாப்பிடக்கூடப் போகவில்லை. மூன்று மணிக்கு அந்தத் தாள்களை மேஜையில் பரப்பினார். பாதிக்கு மேல் ஒரே பிரச்சினை. கிரெடிட் நோட்டில் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண், 15 எழுத்து, அதில் ஒன்று தப்பாக இருந்தாலும் எங்கள் மென்பொருள் எந்த பில் என்று சொல்லாமல் மொத்தக் கோப்பையும் தள்ளிவிடும். "கோப்பு செல்லாது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அண்ணா ஒவ்வொரு கஸ்டமரிடமும் பில்லை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, எழுத்தை எண்ணி, தப்பைக் கண்டுபிடிப்பார். ஒரு ஃபோனுக்கு அரை மணி.

"இது பேக்லாக்ல இருக்கா?" என்று மேடம் கேட்டார், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைச் சொல்கிறார். இருந்தது. எட்டு மாதமாக இருந்தது. அதற்கு மூன்று பாயிண்ட் என்று போட்டும் வைத்திருந்தோம். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் புது வசதிகள் முன்னே போகும், இது பின்னே போகும், ஏனென்றால் பிழைச் செய்தியை மாற்றினோம் என்று சொல்லி எந்தப் புதுக் கஸ்டமரிடமும் விற்க முடியாது. அதோடு, சப்போர்ட்டில் இருந்து ஒருவரும் பிளானிங்குக்கு வருவதில்லை. நாங்கள் கூப்பிட்டதும் இல்லை. இரண்டு நாளில் சரி செய்தோம். இப்போது எந்த பில், எந்த எழுத்து என்று சிவப்பில் காட்டும். அவ்வளவு சின்ன வேலை.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது மேடம் தமிழில் பேசினார், முதல் தடவையாக. 2004, 2005 வாக்கில் மைக்ரோசாஃப்ட்டின் உள் மென்பொருள்களைப் பராமரிக்கிற ஒரு டீம் ஹைதராபாத்தில் இருந்ததாம். வேலை கேட்டு வந்தால் முடிய ஐந்து மாதம். அந்த டீமில் யாரும் சோம்பேறி இல்லை. கேட்கிற ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிட்டுச் சொல்வதிலேயே அவர்கள் நேரத்தில் பெரும் பங்கு போய்க்கொண்டிருந்தது. மதிப்பிட்டதில் பல வேலைகள் செய்யப்படாமலே போகும். டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளரும் அவருக்கு யோசனை சொன்ன டேவிட் ஆண்டர்சனும் சேர்ந்து மதிப்பீட்டை நிறுத்தினார்கள், ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கலாம் என்று வரம்பு போட்டார்கள். ஒன்பது மாதத்தில் அந்தப் பிரிவிலேயே கடைசியில் இருந்த டீம் முதலிடத்துக்கு வந்தது. மென்பொருள் எழுதும், சோதிக்கும் முறையைக்கூடப் பெரிதாக மாற்றவில்லை. மென்பொருளில் கான்பன் என்று இன்று சொல்வதற்கு ஆரம்பங்களில் ஒன்று அது. இப்போது செய்வதிலிருந்தே தொடங்கு என்பதுதான் அதன் முதல் விதி. "இதை முதல் மாசமே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன். "முதல் மாசம் உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்" என்றார். நியாயம்தான், ஆனால் முதல் மாதத்துக்கும் பில் வந்ததே.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் நாலரை கொடுக்கிற பகுதி.

முதலில் காலண்டர். எங்கள் இரண்டு வார ஸ்பிரிண்ட் பெரும்பாலும் 11ஆம் தேதியிலோ 20ஆம் தேதியிலோ போய் முட்டிக்கொண்டிருந்தது. முட்டும்போதெல்லாம் பாதி வேலை அடுத்ததற்குத் தள்ளப்படும், ரெட்ரோ இல்லாததால் ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். இப்போது எங்கள் சுற்று 21ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 20ஆம் தேதி முடிகிறது. 21 முதல் 7 வரை புது வேலை. 8 முதல் 20 வரை பிழை திருத்தம் தவிர எந்த ரிலீஸும் கிடையாது, டெவலப்பர்களில் இரண்டு பேர் முறை வைத்து சப்போர்ட்டில் உட்காருவார்கள். இது விதிமீறல் என்று நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் சொன்னோம். மேடம் ஸ்க்ரமின் விதிப் புத்தகமான ஸ்க்ரம் கைடைத் திறந்து காட்டினார். 2020 பதிப்பு, மொத்தமே 13 பக்கம். ஸ்பிரிண்ட் ஒரு மாதமோ அதற்குக் குறைவோ இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. இரண்டு வாரம் என்று எங்கும் இல்லை! ஸ்டாண்டப்பின் அந்த மூன்று கேள்விகளையும் அந்தப் பதிப்பில் எடுத்தே விட்டார்கள். ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே அதில் கிடையாது. நாங்கள் வேதமாக நினைத்து இரண்டு வருடம் கட்டிக்கொண்டு அழுததில் பாதி அந்தப் புத்தகத்திலேயே இல்லை, நாங்கள் தூக்கி எறிந்த ரெட்ரோவும் ரிவ்யூவும்தான் அதில் இருந்தன. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து எந்தக் கோச்சையும் கூப்பிடுவதற்கு முன் அந்த 13 பக்கத்தைப் படித்துவிடுங்கள், இலவசம்தான்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. முடிவுக் குறிப்பில், ஸ்க்ரமின் சில பகுதிகளை மட்டும் எடுத்துச் செய்யலாம், ஆனால் அது ஸ்க்ரம் ஆகாது என்று பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நாங்கள் செய்வது ஸ்க்ரம் இல்லை என்று இப்போது நாங்களே சொல்கிறோம், பெயருக்காக யாரும் எங்களிடம் மென்பொருள் வாங்குவதில்லை.

அப்புறம் போர்டு. சப்போர்ட் அறைக்கும் டெவலப்பர் அறைக்கும் நடுவில், தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டு. ஒரு வேலைக்கு ஒரு கார்டு, ஒருவர் கையில் இரண்டு கார்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சப்போர்ட்டில் இருந்து வருகிற பிழைகளுக்கு மேலே தனி வரிசை, அதில் எதை முதலில் எடுப்பது என்று அண்ணாதான் சொல்வார், எம்.டி.கூட மாற்ற முடியாது. முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஏமாற்றினார்கள். எம்.டி. தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன வேலைகள் போர்டில் ஏறாமல் டிராயருக்குள் போயின. ஒரு நாள் கேனை மாற்ற வந்த பையன் கேனுக்குப் பின்னால் இருந்து ஏழு கார்டை எடுத்துக் கொடுத்தான். மேடம் யாரையும் திட்டவில்லை, ஏழையும் எம்.டி. மேஜையில் வரிசையாக வைத்து, "இதுல எது முதல்ல வேணும்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இரண்டை எடுத்துக் கிழித்துப் போட்டார். அவருக்கே அவை மறந்துபோயிருந்தன.

ரெட்ரோ திரும்பி வந்தது, இதுதான் கஷ்டமாக இருந்தது. எம்.டி. இருந்தால் யாரும் பேச மாட்டார்கள், அவரை வெளியே இருக்கச் சொல்ல எங்களில் யாருக்குத் தைரியம். மேடம் சொன்னார். எம்.டி.க்கு முகம் சுருங்கிவிட்டது, இரண்டு நாள் மேடத்திடம் பேசவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம்: முதல் முக்கால் மணி நேரம் அவர் இல்லாமல், எல்லோரும் துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும், பெயர் வேண்டாம். கடைசிப் பதினைந்து நிமிடம் அவர் வந்து கேட்பார். முதல் தடவை வந்த சீட்டுகளில் ஒன்று, "சனிக்கிழமையைப் பற்றி எழுதலாமா?" இன்னொன்று, "பாஸ்வேர்டு கேட்டால் மூன்று பேரிடம் அனுப்புகிறார்கள்". பாஸ்வேர்டு விஷயம் மறுநாளே முடிந்தது. சனிக்கிழமை இன்றுவரை முடியவில்லை, முழு நாள்தான் வேலை. எம்.டி. "யோசிக்கிறேன்" என்று சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. கோச்சால் அதையெல்லாம் மாற்ற முடியாது, விற்க வருகிறவர்கள் மாற்றுவோம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

குறைகள் இன்னும் உண்டு. போக்குவரத்து, தங்கும் செலவு தனி என்பது ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. மாதாமாதம் அனுப்பிய முன்னேற்ற அறிக்கை எம்.டி.யைச் சந்தோஷப்படுத்த எழுதியது, எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. கஸ்டமரை ரிவ்யூவுக்கு வரவழைப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர்களிடம் கடைசிவரை பதில் இல்லை. அதற்கு வழி கண்டுபிடித்தது அண்ணாதான். யாரையும் கோயம்புத்தூருக்குக் கூப்பிட வேண்டாம், நாம் திருப்பூர் போவோம் என்றார். இப்போது மாதம் ஒரு தடவை, 22 அல்லது 23ஆம் தேதி, ஒரு டெவலப்பரும் அண்ணாவும் பஸ் ஏறிப் போய் இரண்டு கஸ்டமர் ஆபீஸில் அவர்கள் கணக்கர் பக்கத்தில் உட்கார்ந்து, புது ஸ்கிரீனை அவரையே ஓட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு கணக்கர் அம்மா, நாங்கள் ஆசையாகச் செய்த டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க கண்ணு, எண்டர் அடிச்சா அடுத்த கட்டத்துக்குப் போனாப் போதும்" என்றார். டாஷ்போர்டு கார்டு இன்னும் போர்டில் கீழே தொங்குகிறது. எண்டர் சாவி வேலை முடிந்துவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதல் மாத மதிப்பீட்டுக்குப் பதிலாக, உங்கள் ஆபீஸ் தலைகீழாக இருக்கிற ஒரு நாளில் கோச்சை வந்து சும்மா உட்காரச் சொல்லுங்கள். மாத முடிவோ, ஆடித் தள்ளுபடியோ, அட்மிஷனோ, உங்கள் தொழிலுக்கு எதுவோ அது. வர மறுத்தாலோ, வந்து லேப்டாப்பைத் திறந்து ஸ்லைடைத் தேடினாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போடாமல் மாதாமாதம் போடுங்கள். எங்களுக்கு அது தெரிந்திருந்தால் இரண்டாம் மாதத்தோடு நிறுத்தியிருப்போம், மூன்றாம் மாதம் நடந்ததும் நடந்திருக்காது, அதனால் இந்த யோசனை எவ்வளவு நல்லது என்று எனக்கே சந்தேகம்தான்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மேடம் போய் மூன்று மாதம் ஆகிறது. ஸ்டாண்டப் மறுபடி 25 நிமிடம் வரை இழுக்க ஆரம்பித்திருக்கிறது, நேற்று எம்.டி. மறுபடி நடுவில் வந்து நின்றார். ரெட்ரோ ஒரு தடவை தவறிவிட்டது. கேனுக்குப் பின்னால் நான் தினமும் பார்க்கிறேன், இதுவரை இரண்டு கார்டு. போன 11ஆம் தேதி ஃபோன் அடித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அண்ணா ஒன்றரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.